கன்ட்ரோல் கீ பிடித்துக்கொண்டால் புது கீபோர்டு வாங்க ஓடாதீர்கள்

மவுஸ் வீலை உருட்டினால் பக்கம் நகராமல் பெரிதாகிச் சிறிதாகிறதா? கன்ட்ரோல் அழுந்தியபடி நிற்கிறது. எழுத்தைத் தட்டினால் மெனு திறந்தால் ஆல்ட். 'டி'யைத் தட்டியதும் எல்லா விண்டோவும் மறைந்தால் விண்டோஸ் கீ.

கோளாறு கீயிலா, கம்ப்யூட்டரிலா என்பதை முதலில் பிரித்துவிடுங்கள். கீபோர்டின் இடப்புறமும் வலப்புறமும் உள்ள கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒருமுறை தட்டி விடுங்கள். அதிலேயே சரியானால் கீயில் பழுதில்லை. கையை எடுத்த செய்தி மென்பொருளுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது வேறிடத்துக் கம்ப்யூட்டரைத் தன் திரையில் ஒரு விண்டோவாகத் திறந்து, வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். அங்கே ஆல்ட்டை அழுத்துகிறீர்கள், விடுவதற்குள் விண்டோ மாறிவிடுகிறது. அந்த வேறிடத்துக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஆல்ட் இன்னும் அழுந்தியே இருக்கிறது. அதனால் ரிமோட் விண்டோவுக்குள் போய்த்தான் தட்ட வேண்டும்.

சரியாகவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் தேடி ஆன் ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து, கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஷிப்ட் மட்டும் ஒளிர்ந்தபடி இருந்தால் கீபோர்டு ஒயரைக் கழற்றுங்கள். ஒளி அணைந்து, மறுபடி செருகியதும் திரும்ப வந்தால் கீதான் சிக்கியிருக்கிறது. ஒயர் இல்லாதபோதும் அணையாவிட்டால் ஸ்டிக்கி கீஸைப் பாருங்கள்; ஷிப்ட், கன்ட்ரோல் போன்றவற்றைத் தட்டிவிட்டாலே அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளும் வசதி அது. ஷிப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் அதை இயக்கவா என்று விண்டோஸ் கேட்கும். பலர் படிக்காமல் 'எஸ்' கொடுத்துவிடுகிறார்கள். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு போய் அணைத்துவிடுங்கள்.

தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அடிக்கும் திருவல்லிக்கேணி டிடிபி கடைகளில் இன்னொரு தொல்லை உண்டு. போட்டோஷாப்பில் ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேர்த்துப் பிடித்துப் படத்தை இழுத்துவிட்டுக் கையை எடுத்ததும் மொழி மாறிவிடும், ஏனென்றால் விண்டோஸில் மொழி மாற்றவும் அதே இரண்டு கீதான். அதன்பின் 'வி', 'பி' என்று தட்டினால் டூல் மாறாது. பழி கீபோர்டு மேல் விழும். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் வரை போய், சேஞ்ச் கீ சீக்வென்ஸில் இரண்டு பக்கமும் 'நாட் அசைன்டு' வையுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் போதும். தமிழ் டைப் செய்ய வேறு மென்பொருள் வைத்திருந்தால் அதன் ஹாட் கீயும் இப்படி மோதும், அதையும் மாற்றுங்கள்.

கீயே சிக்கியிருந்தால் பெரும்பாலும் தூசி, அல்லது சர்க்கரை போட்ட டீ. ஒயரைக் கழற்றிவிட்டு கீயின் மூடியை மெல்ல நெம்பி எடுங்கள். ஷிப்ட் நீளமான கீ; பலவற்றில் அடியில் கம்பி மாட்டியிருக்கும், முரட்டுத்தனமாக இழுத்தால் கொக்கி உடையும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டு மாட்டுங்கள். லேப்டாப் கீயை நீங்களே கழற்ற வேண்டாம், அதன் அடிக்கொக்கிகள் மிக மெல்லியவை. துடைத்தும் கீ மேலே எழும்பாவிட்டால் அப்போது புது கீபோர்டு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகலாம்.