கண்ணளவை நம்பி வாங்காதீர்கள்: அறைகலன் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் பார்த்தபோது அடக்கமாகத் தெரிந்த சோபா, வீட்டில் வந்து இறங்கியதும் கூடத்தில் பாதியை விழுங்கிவிடுவது பலருக்கும் நேர்ந்த அனுபவம். உயர்ந்த கூரையும் அகன்ற தரையும் கொண்ட காட்சிக்கூடத்தில் எந்தப் பொருளும் தன் அளவைவிடச் சிறியதாகவே தோன்றும். கண்ணளவை நம்பி வாங்குவதே முதல் தவறு என்பேன். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

அறையின் நீள அகலத்தை மட்டும் அளந்துவிட்டுக் கடைக்குக் கிளம்புவதும் அரைகுறை வேலைதான். பொருள் அடைக்கும் இடத்தோடு, அதைப் புழங்குவதற்குத் தேவையான இடத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அடிக்கடி நடக்கும் வழிக்கு 75 முதல் 90 சென்டிமீட்டர் அகலம் தேவை. சோபாவுக்கும் அதன் முன்னுள்ள சிறு மேசைக்கும் இடையே 40 முதல் 45 சென்டிமீட்டர் விட்டால், முழங்காலும் இடிக்காது, கையிலுள்ள தம்ளரை வைக்க எழுந்திருக்கவும் வேண்டியிருக்காது. உணவு மேசையின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் இல்லையென்றால், ஒருவர் எழுவதற்கு அடுத்தவரும் எழ வேண்டிவரும். துணி அலமாரியின் ஆழம் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர். அதன் கதவு திறக்கவும், திறந்த கதவின் முன் ஆள் நிற்கவும் இடம் போதாதபோது, நகர்த்தித் திறக்கும் கதவே நல்லது. சந்தேகம் இருந்தால், வாங்க நினைக்கும் பொருளின் அளவுக்குச் செய்தித்தாள்களைத் தரையில் ஒட்டி, இரண்டு நாள் அவற்றை மிதிக்காமல் நடமாடிப் பாருங்கள். வாசற்கதவு, மாடிப்படியின் திருப்பம், லிஃப்ட் ஆகியவற்றையும் அளக்க மறந்தவர்கள், புத்தம்புதிய கட்டிலைத் தெருவில் வைத்துக்கொண்டு திகைத்ததுண்டு.

அடுத்தது, உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவது. ஒரு நிமிடம் அமர்ந்து எழுவது சோதனை ஆகாது. வீட்டில் எப்படிச் சாய்வீர்களோ அப்படியே பத்து நிமிடமாவது சாய்ந்திருக்க வேண்டும். மிகத் தாழ்வாகவும் ஆழமாகவும் உள்ள சோபா படத்தில் அழகாக இருக்கும், ஆனால் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் அதிலிருந்து எழுவதற்குள் களைத்துவிடுவார்கள். உணவு மேசையையும் நாற்காலியையும் தனித்தனியாக வாங்கும்போது, இருக்கைக்கும் மேசைப் பரப்புக்கும் இடையே 25 முதல் 30 சென்டிமீட்டர் உயர வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளிப்பூச்சின் பளபளப்பில் மயங்கி, உள்ளே என்ன பலகை என்று கேட்காமல் விடுவது பின்னாளில் அதிகம் வருத்தும் தவறு. மரத்தூளையும் சில்லுகளையும் பசையால் இறுக்கிச் செய்த பார்ட்டிகிள் போர்டு, விளிம்பு வழியே ஈரம் ஏறினால் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஒருமுறை கழற்றி மாட்டினாலே அதில் திருகாணியின் பிடி தளர்ந்துபோகும் என்பதால், அடிக்கடி வீடு மாறுவோருக்கு அது ஏற்றதல்ல. மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி ஒட்டிய பிளைவுட், ஈரத்தையும் கழற்றி மாட்டுவதையும் அதைவிட நன்றாகத் தாங்கும். முழு மரம் என்றாலே குறையற்றது என்பதும் சரியல்ல, காற்றின் ஈரப்பதத்துக்கேற்ப அது விரிந்து சுருங்கும். வாங்குமுன் இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து மூட்டுகளைப் பாருங்கள், அலமாரியின் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்; விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நிறத்தைக் கடை வெளிச்சத்தில் முடிவு செய்வது இன்னொரு பிழை. துணியின் மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பகலிலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகே தீர்மானிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வகையில், ஒரே மெருகில் வாங்கி நிரப்பினால் வீடு காட்சிக்கூடத்தின் ஒரு மூலையைப் போலாகிவிடும் என்பது என் கருத்து. சிறிய அறையில், அடியில் தரை தெரியுமாறு கால்கள் உயர்ந்த பொருள்கள் இடத்தை விசாலமாகக் காட்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில், உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் வெறுமனே நிறுத்துவது அழகு சார்ந்த பிழையன்று, ஆபத்து. இழுப்பறைகளைப் படிகளாக்கி ஏறும் குழந்தையின் மேல் அது அப்படியே சாயக்கூடும்.

குடியேறும் நாளுக்குள் எல்லாம் வந்துவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். கட்டிலும் மெத்தையும் உணவு மேசையும் முதலில் வரட்டும். பிற்பகல் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, மாலையில் வீட்டார் எந்த மூலையில் கூடுகிறார்கள் என்பது சில வாரம் வாழ்ந்த பின்னரே தெரியவரும்; அதுவரை மடக்கு நாற்காலிகள் போதும்.