வாட்ஸ்ஆப்பில் வரும் வெப்பநிலை வரைபடத்தை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

என் தம்பி மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் ஒரு படத்தை அனுப்பி, "அத்தை, இதப் பாருங்க. 1998-க்கு அப்புறம் பூமி சூடாகவே இல்லைன்னு போட்டிருக்கு. நிஜமா?" என்று கேட்டிருந்தான். படத்தில் ஒரு நீலக் கோடு. 1998-இல் உயரமாகத் தொடங்கி 2008-இல் கொஞ்சம் தாழ்ந்து முடிந்தது. எந்த நிறுவனத்தின் அளவீடு, யார் வரைந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

நான் 22 ஆண்டு ஒரு மருந்துத் தொழிற்சாலையில் காலிபரேஷன் பிரிவில் வேலை பார்த்தவள். மருந்து வைக்கும் குளிர் அறை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் காட்டும் தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் என் வேலை. அதனால் எந்த வெப்பநிலை எண்ணைப் பார்த்தாலும் எனக்கு மூன்று கேள்வி வரும்: எந்தக் கருவி, எங்கே வைத்தது, எதோடு ஒப்பிட்டது. அவனுக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காரவைத்து அவனையே சோதிக்கச் சொன்னேன். அன்று செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு கணினியும் எக்செல் மாதிரி ஏதாவது ஒன்றும் இருந்தால் போதும்.

எண்கள் எங்கே கிடைக்கும்

உலக சராசரி வெப்பநிலையைப் பல குழுக்கள் தனித்தனியாகக் கணக்கிடுகின்றன. அமெரிக்காவின் நாசா, கடலையும் வளிமண்டலத்தையும் கவனிக்கும் அரசு அமைப்பான நோவா, பிரிட்டனின் ஹேட்கிரட், ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ், ஜப்பான் வானிலை நிறுவனம், அப்புறம் பெர்க்லி எர்த். எல்லாம் இலவசம். தொடங்குவதற்கு நாசாவின் ஜிஸ்டெம்ப் என்ற வெப்பநிலை அட்டவணை எளிது. அதன் தளத்தில் உலக மாதாந்திர, ஆண்டு சராசரிகளுக்கான சிஎஸ்வி கோப்பு (எக்செலில் அப்படியே திறக்கும் அட்டவணை) இருக்கும். இறக்கித் திறந்தால் 1880 முதல் ஆண்டுக்கு ஒரு வரிசை. ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 கட்டங்கள், அதற்கடுத்து ஜே-டி என்று ஒரு கட்டம். ஜே-டி என்பது ஜனவரி-டிசம்பர் சராசரி. நமக்கு வேண்டியது ஆண்டும் இந்தக் கட்டமும் மட்டும். மற்றதை அழித்துவிடலாம். இன்னும் முடியாத ஆண்டில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். அந்த வரிசையையும் எடுத்துவிடுங்கள். டெக்ஸ்ட் கோப்பை இறக்கியிருந்தால் 0.61 என்பது 61 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், 100-ஆல் வகுத்தால் சரி.

0.61 என்றால் என்ன

தம்பி மகனின் முதல் சந்தேகம் இதுதான். "பூமியின் வெப்பநிலை 0.61 டிகிரியா?" இல்லை. இது வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்கிற எண். நாசா 1951 முதல் 1980 வரையிலான சராசரியை வழக்கம் என்று வைத்திருக்கிறது. அதைவிட 1998 சுமார் 0.61 டிகிரி செல்சியஸ் அதிகம்.

ஏன் நேரடியாக வெப்பநிலையைச் சொல்லாமல் விலகலைச் சொல்கிறார்கள்? எங்கள் குளிர் அறையில் ஆறு சென்சார் இருந்தன. கதவோரம் இருப்பது எப்போதும் மற்றவற்றைவிட அரை டிகிரி கூடுதலாகக் காட்டும். ஆனால் கம்ப்ரெஸர் நின்றால் ஆறும் சேர்ந்து ஏறும். அறைக்கு என்ன ஆகிறது என்பதை அந்தச் சேர்ந்த ஏற்றம்தான் சொல்லும். சென்னையில் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் அப்படித்தான். ஒரே நாளில் இரண்டு இடத்திலும் வேறு வேறு எண் வரும். ஆனால் வழக்கத்தைவிட வெப்பமான மாதம் என்றால் பெரும்பாலும் இரண்டுக்குமே அப்படித்தான் இருக்கும்.

இதனால் ஒரு குழப்பமும் வரும். ஹேட்கிரட் 1961-1990-ஐ அடிப்படையாக வைக்கிறது. உலக வானிலை அமைப்பு 2024-ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும்போது 1850-1900-ஐ வைத்து 1.55 டிகிரி அதிகம் என்றது. நாசா அட்டவணையில் அதே ஆண்டு சுமார் 1.28. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பூஜ்ஜியத்தை வைத்த இடம் வேறு. இரண்டு வரைபடங்களை ஒப்பிடும் முன் அடிப்படை ஆண்டுகளைப் பாருங்கள். இதைப் பார்க்காமல் போட்ட சண்டைகள் ஏராளம்.

சாய்வைக் கணக்கிடுங்கள்

இப்போது அந்த நீலக் கோட்டுக்கு வருவோம். 1998-இன் எண் 0.61. 2008-இன் எண் 0.54. இந்த இரண்டு புள்ளியை மட்டும் இணைத்தால் கோடு கீழே இறங்கும். படம் வரைந்தவர் செய்தது இதுதான். எண்கள் பொய்யில்லை. நடுவில் இருக்கும் ஒன்பது ஆண்டுகளைத்தான் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

எக்செலில் ஸ்லோப் என்று ஒரு சூத்திரம் உண்டு. அதில் முதலில் வெப்ப எண்களின் வரிசையையும் அடுத்து ஆண்டுகளின் வரிசையையும் கொடுங்கள். அது எல்லாப் புள்ளிகளையும் கணக்கில் எடுத்து, ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றம் என்று சொல்லும். 10-ஆல் பெருக்கினால் பத்தாண்டுக்கான ஏற்றம். 1998 முதல் 2008 வரையிலான 11 ஆண்டுக்கும் போட்டபோது எங்களுக்குப் பத்தாண்டுக்கு சுமார் 0.16 டிகிரி ஏற்றம் வந்தது. தம்பி மகன் இரண்டு முறை போட்டுப் பார்த்தான்.

1998 ஏன் அவ்வளவு பிடித்தமான தொடக்கம்? 1997-98-இல் மிகப் பெரிய எல் நினோ வந்தது. பசிபிக் கடலின் மேற்பரப்பு சூடாகி, அந்த வெப்பம் காற்றுக்கு வந்தது. அடுத்த ஆண்டே எண் 0.38-க்கு இறங்கிவிட்டது. மலையுச்சியில் நின்று பார்த்தால் எல்லாம் பள்ளம்தான்.

ஒரு விளையாட்டு செய்து பாருங்கள். முடிவை 2012 என்று வைத்துக்கொண்டு, தொடக்கத்தை 1998-லிருந்து 1999-க்கு மாற்றுங்கள். சாய்வு, அதாவது பத்தாண்டு ஏற்றம், சுமார் 0.13-லிருந்து 0.17-க்குத் தாவும். ஒரே ஓர் ஆண்டை மாற்றியதற்கு இத்தனை வித்தியாசம் என்றால், அந்தக் காலத்துண்டு நம்பத் தகுந்ததல்ல. 1975-இல் தொடங்கி 2024 வரை போடுங்கள்: சுமார் 0.2. 1974, 1976, 1977 என்று மாற்றினாலும் அது பெரிதாக அசையாது. தொடக்கத்தை நகர்த்தினாலும் அசையாத எண்ணைத்தான் நான் நம்புவேன். வானிலை அமைப்புகள் 30 ஆண்டு வேண்டும் என்பதும் இதனால்தான்.

இது மறுபக்கத்துக்கும் பொருந்தும். 2022-இல் 0.89, 2024-இல் 1.28. இதை மட்டும் நீட்டினால் பத்தாண்டில் இரண்டு டிகிரி ஏறும் என்று சொல்லிவிடலாம். அதுவும் அதே தவறுதான். யார் சார்பில் வந்தாலும் இரண்டு புள்ளிக் கோட்டை ஒதுக்கிவையுங்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1998-க்குப் பிறகு ஏற்றம் நின்றுவிட்டது என்று சொல்லப்படும் அந்த 'இடைநிறுத்தம்' முழுக்க முழுக்கக் கற்பனை அல்ல. 2013-இல் வந்த ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) அறிக்கையே, 1998-2012-இல் ஏற்றம் பத்தாண்டுக்கு 0.05 டிகிரிதான் என்றும், 1951 முதல் எடுத்தால் 0.12 என்றும் எழுதியது. விஞ்ஞானிகள் அதை மறைக்கவில்லை, காரணம் தேடினார்கள். அன்றைய ஹேட்கிரட் கணக்கில் ஆர்க்டிக் பகுதியின் பெரும்பகுதி வெற்றிடமாக விடப்பட்டிருந்தது. பூமியிலேயே வேகமாகச் சூடாகும் இடம் அது. கெவின் கௌடன், ராபர்ட் வே என்ற இருவர் அந்த வெற்றிடத்தை நிரப்பிக் காட்டியபோது ஏற்றம் கூடியது. கடல் அளவீடுகளிலும் திருத்தம் வந்தது. இன்றைய நாசா அட்டவணையில் அதே காலத்துக்கு 0.13 வருவது இப்படித்தான்.

"எண்களைத் திருத்திவிட்டார்கள்" என்றால்

'திருத்தம்' என்ற சொல்லைக் கேட்டதும் தம்பி மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ மாத்திட்டாங்கன்னு சொல்றது சரிதானே அத்தை?" இந்தக் கேள்விக்கு நான் நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன்.

மாற்றியிருக்கிறார்கள். மாற்றத்தான் வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் 0.3 டிகிரி கூடக் காட்டுகிறது என்று சோதனையில் தெரிந்தால், அதன் சான்றிதழில் அந்தத் திருத்தத்தை எழுதுவோம். அதைக் கழிக்காமல் பதிவேட்டில் எழுதினால்தான் தணிக்கைக்கு வருபவர் பிடிப்பார். கேட்க வேண்டியது திருத்தினார்களா என்பதல்ல. காரணம் என்ன, பழைய எண் பத்திரமாக இருக்கிறதா, வேறொருவர் செய்தாலும் அதே விடை வருமா என்பதைத்தான்.

ஓர் உதாரணம். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தினமும் ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்து, அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் எழுதி, கருவியை அப்போதைய வெப்பநிலையிலிருந்து மீண்டும் தொடங்குமாறு அமைத்துவிட்டுப் போவார்கள். பலர் முன்பு மாலையில் பார்த்தார்கள். கொளுத்தும் ஒரு நாளில் மாலை 5 மணிக்குப் பார்த்து மீண்டும் அமைக்கிறீர்கள். அப்போதும் 36 டிகிரி. மறுநாள் மழை, உச்சமே 30 தான். ஆனால் கருவியில் முந்தைய நாள் மாலையின் 36 பதிந்திருக்கும். ஒரே வெப்பம் இரண்டு நாளுக்கு எழுதப்படும். காலையில் பார்ப்பவர்களுக்கு இதே வழியில் குளிர் இரண்டு முறை விழும். காலப்போக்கில் பலர் மாலையிலிருந்து காலைக்கு மாறினார்கள். ஊர் குளிராமலே பதிவேடு குளிர்ந்தது. அதைச் சரிசெய்தால் அமெரிக்க நிலப்பகுதியின் ஏற்றம் கூடத்தான் செய்யும்.

கடலில் கதை வேறு. அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து வாளியை இறக்கிக் கடல்நீரை எடுத்து அளந்தார்கள். துணி வாளி மேலே வருவதற்குள் நீர் ஆவியாகி, மண்பானை நீர்போல் குளிர்ந்துவிடும். பிறகு எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தார்கள். அது எஞ்சின் சூட்டில் கொஞ்சம் கூடவே காட்டும். இதைத் திருத்தாமல் விட்டால் பழைய கடல் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். திருத்தினால் பழைய எண்கள் மேலே வரும், அப்போது மொத்த ஏற்றம் குறையும். கடல் பூமியின் 70 சதவீதம் என்பதால், நிலமும் கடலும் சேர்ந்த உலகக் கணக்கில் எல்லாத் திருத்தங்களும் சேர்ந்து நீண்டகால வெப்ப ஏற்றத்தைக் குறைக்கின்றன. சூடாகக் காட்டுவதற்காக மாற்றினார்கள் என்பவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான்.

வேறொருவர் செய்து பார்த்ததும் உண்டு. ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளருக்கு இந்தப் பதிவுகள்மேல் பலத்த சந்தேகம் இருந்தது. நகரங்களின் சூடுதான் கலந்துவிட்டதோ, வசதியான நிலையங்களை மட்டும் எடுத்தார்களோ என்று கேட்டார். பெர்க்லி எர்த் குழுவை அமைத்து, 39,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவை எடுத்துத் தனி முறையில் கணக்கிட்டார். வந்த விடை மற்ற குழுக்களுடையதோடு பொருந்தியது. நகரச் சூட்டால் உலக சராசரி பெரிதாக மாறவில்லை. 2012-இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாக எழுதினார். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு.

செயற்கைக்கோள் கோடு வந்தால்

சில படங்களில் 1979-இல் தொடங்கும் செயற்கைக்கோள் கோடு இருக்கும். யுஏஎச் என்று எழுதியிருந்தால் அது அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டி, ராய் ஸ்பென்சர் என்ற இரு விஞ்ஞானிகளுடையது. செயற்கைக்கோளில் தெர்மாமீட்டர் கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் வெளியிடும் நுண்ணலைகளை அளந்து, சில கிலோமீட்டர் உயரம் வரையுள்ள காற்றின் வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். நாம் நிற்கும் தரை அதில் இல்லை. 1990-களில் இந்தக் கோடு ஏற்றமே காட்டவில்லை. பிறகு செயற்கைக்கோள் தாழ்ந்து வருவதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 1998-இல் தெரிந்தது. அது ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் நகர்ந்துபோவதற்கான திருத்தத்தில் பிழை இருப்பதை 2005-இல் மியர்ஸ், வென்ட்ஸ் என்ற வேறு இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்; கிறிஸ்டியும் ஸ்பென்சரும் ஏற்றுத் திருத்தினார்கள். இன்று அவர்கள் கோடே பத்தாண்டுக்கு 0.15 டிகிரி அளவில் ஏறுகிறது.

சூரியன் காரணமா

கொடைக்கானல் ஆய்வகத்தில் நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 1970-களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்களும் சூரிய ஒளியின் அளவை அளக்கின்றன. 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறதே தவிர, வெப்பநிலைபோல் ஏறிக்கொண்டே போகவில்லை. இன்னும் வலுவான சான்று மேலே இருக்கிறது. சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் கீழ் அடுக்கும் மேல் அடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். நடப்பது என்னவென்றால், கீழே சூடாகிறது, மேலே இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று காலநிலை விஞ்ஞானி சியுகுரோ மனாபே 1967-லேயே கணக்கிட்டுச் சொன்னார். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உண்மையான விவாதம் எது

எல்லாம் முடிந்துவிட்டது என்று தம்பி மகனிடம் நான் சொல்லவில்லை. கரியமில வாயு இரட்டிப்பானால் கடைசியில் எவ்வளவு சூடாகும்? 2021-இல் ஐபிசிசி சொன்ன வாய்ப்புள்ள அளவு 2.5 முதல் 4 டிகிரி. அந்த இடைவெளி சிறியதல்ல. அதில் பெரும்பங்கு மேகங்களால் வருகிறது: சூடான உலகில் தாழ்வான மேகங்கள் எவ்வளவு குறையும் என்பதைத் துல்லியமாகச் சொல்வது கடினம். 2023-இல் வந்த திடீர்த் தாவலைப் பற்றியும் வாதம் நடக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5-ஆகக் குறைத்தார்கள். கந்தகப் புகை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி, மேகங்களையும் வெளுப்பாக்கும். அது குறைந்ததால் எவ்வளவு சூடு கூடியது, எல் நினோவின் பங்கு எவ்வளவு, ஏற்றத்தின் வேகமே கூடிவிட்டதா என்பதில் நல்ல விஞ்ஞானிகளே ஒத்துப்போகவில்லை. இந்த விவாதத்தைக் காட்டி 'சூடாகிறதா என்பதே சந்தேகம்' என்று யாராவது சொன்னால், இரண்டும் வேறு கேள்வி என்று அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கோப்பை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் முந்தைய ஆண்டின் எண் வரும். பழைய எண்களில்கூட ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அங்கங்கே மாறியிருக்கலாம், தாமதமாக வந்த நிலையப் பதிவுகள் சேர்வதால். இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். தம்பி மகன் தன் கோப்பில் எழுதிவிட்டான். அந்த நீலக் கோட்டுப் படத்தை அனுப்பிய நண்பனுக்கு, 1998 முதல் 2008 வரை 11 புள்ளியும் போட்டு, அடிப்படை ஆண்டுகளையும் எழுதி, தானே வரைந்த படத்தை அன்று இரவே அனுப்பினான்.