பழைய டிராக்டரின் முன் அச்சில் ஆட்டம்: கண்டறிந்து சரிசெய்யும் முறை

காவிரிப் படுகையில் குறுவைக்கும் சம்பாவுக்கும் சேற்றுழவில் இறங்கும் பழைய டிராக்டர்களில் முன் அச்சின் உறுப்புகள் விரைவில் தேய்ந்துவிடுகின்றன. சேற்றுத் தண்ணீர் கிரீஸை வெளியேற்றிவிட்டு, தன்னோடு வந்த நுண்மணலைப் புஷ்ஷுக்கும் (தண்டு சுழலும் உலோகக் குழல்) பின்னுக்கும் நடுவே விட்டுச் செல்வதால், ஒவ்வொரு திருப்பத்திலும் அது உப்புத்தாள் போல உலோகத்தை அறுக்கிறது. ஸ்டீயரிங்கைக் கணிசமான அளவு சுற்றிய பிறகே சக்கரம் அசைகிறது என்ற நிலை வந்ததும், பலர் ஸ்டீயரிங் பாக்ஸின் திருகை முறுக்குகிறார்கள்; அல்லது டை ராடு எண்டுகளை (ஸ்டீயரிங் கம்பிகளின் முனையில் உள்ள பந்து மூட்டுகள்) மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். ஆட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் செய்யும் இந்த இரண்டுமே வீண் செலவுதான். சென்னை டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் 1035 போன்ற, பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். மற்ற வண்டிகளிலும் வேலை பெரும்பாலும் இதே வரிசையில்தான் நடக்கும்.

முதல் சோதனையைச் சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு அசைக்க, மற்றவர் டிராப் ஆர்மில் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கரம்) தொடங்கி ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் நகர்ந்தும் மறுபக்கம் நகரத் தாமதித்தால், தேய்மானம் அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தப்பும் ஆட்டமும் விரலுக்குத் தப்பாது.

அடுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் அச்சின் ஒரு முனையை ஜாக்கியால் தூக்கி, கீழே உறுதியான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். முன் அச்சு நடுப்பின்னில் ஊசலாடும் அமைப்பு என்பதால், அச்சுக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு இறுக்காமல் வண்டியின் அடியில் கை வைக்கக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது, ஸ்பிண்டில் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் தண்டு) அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் ஹப் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்பிண்டிலும் சேர்ந்து அசைந்தால் கிங் பின் புஷ், அதாவது ஸ்பிண்டிலின் நிமிர்ந்த தண்டு திரும்பும் புஷ், தேய்ந்திருக்கிறது. நடுப்பின்னைச் சோதிக்க, ஆப்பை எடுத்துவிட்டு, ஜாக்கியை அச்சில் கொடுக்காமல் முன் சட்டத்தில் கொடுத்து, அச்சு தொங்கும் நிலையில் கடப்பாரையால் நெம்பிப் பார்க்க வேண்டும்.

கிங் பின் வேலைதான் இதில் மிகுந்த பொறுமையைக் கேட்பது. சக்கரத்தைக் கழற்றிய பின், மேலே உள்ள ஸ்டீயரிங் ஆர்மிலும் ஸ்பிண்டிலின் தலையிலும் ஒரே நேர்கோட்டில் சென்டர் பஞ்சால் குறியிட்ட பிறகே ஆர்மை உருவ வேண்டும். ஸ்பிண்டில் கீழ்நோக்கி இறங்கும்போது, த்ரஸ்ட் பேரிங்கின் (மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும் பேரிங்) எந்தப் பக்கம் மேலே இருந்தது, வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். துடைத்த ஸ்பிண்டிலில் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால், புஷ் உட்காரும் இடத்தில் படி தட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். படி தட்டினால் புதிய புஷ் மட்டும் போட்டுப் பயனில்லை. லேத் பட்டறையில் வெல்டிங் வைத்துக் கடைந்து தருவதாகச் சொல்வார்கள். வண்டியின் முன்பாரம் முழுவதையும் தாங்கும் உறுப்பு என்பதால், புதிய ஸ்பிண்டில் கிடைத்தால் அதுவே நல்லது.

பழைய புஷ்ஷை ஹாக்சா பிளேடால் உட்புறமாக, வெளிக்கூட்டில் பிளேடு படாமல், நீளவாக்கில் அறுத்தால் எளிதில் வெளிவரும். புதியதைச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் வாய் நசுங்கும். படி கடைந்த இரும்பு உருளையை வைத்தோ பிரஸ்ஸிலோ இறக்க வேண்டும். புஷ்ஷின் துளை கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேராக நிற்க வேண்டும் என்பதை இறக்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது அவசியம், ஏனெனில் இறங்கிய பின் அதைத் திருப்ப முடியாது. மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒரே நீள ரீமரால் (துளையை உட்புறம் சீவி அளவாக்கும் கருவி) ஒரே கோட்டில் தேய்க்க வேண்டும். தனித்தனியாகத் தேய்த்தால் ஸ்பிண்டில் இறுகும். கிரீஸ் தடவிய ஸ்பிண்டிலைக் கையால் மேலே தள்ளும்போது தடையின்றி ஏறி, விட்டால் தன் எடையில் மெல்ல இறங்கி, பக்கவாட்டில் அசையாதிருந்தால் அளவு சரி.

டை ராடு எண்டைக் கழற்றுமுன், பந்து மூட்டுகளின் மையத்திலிருந்து மையம் வரையுள்ள நீளத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். கூம்புப் பிடிப்பை விடுவிக்க மரையின் மேல் அடிக்காமல், ஆர்மின் கண்ணுக்கு ஒருபுறம் கனத்த சுத்தியலை அண்டக் கொடுத்து மறுபுறம் தட்டினால் பிடி விட்டுவிடும். புதியதை முறுக்கும்போது ஸ்பிளிட் பின்னுக்குத் துளை நேராகவில்லை என்றால் நட்டை மேலும் இறுக்க வேண்டுமே தவிர, தளர்த்தக் கூடாது.

ஹப்பில் இரு டேப்பர் பேரிங்குகளையும் ஆயில் சீலையும் பார்த்து, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே லேசான தடை தெரியும்வரை நட்டை இறுக்கி, பிறகு அடுத்த பின் துளை வரை பின்வாங்கினால் போதும்.

எல்லாம் பூட்டிய பின் டோ இன், அதாவது முன் சக்கரங்கள் முன்புறத்தில் எவ்வளவு உள்நோக்கி இருக்கின்றன என்பதை, பார்க்க வேண்டும். சக்கரங்களை நேராக நிறுத்தி, ஹப் உயரத்தில் ரிம்களின் முன்புற இடைவெளியைச் சாக்பீஸ் குறியிட்டு அளந்து, சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி வண்டியை உருட்டி, அதே குறிகளைப் பின்புறத்தில் அளக்க வேண்டும். முன்புறம் பொதுவாக 3 முதல் 6 மி.மீ. வரை குறைவாக இருப்பது வழக்கம். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இருபுறமும் தனித்தனி டிராக் லிங்க் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) உள்ள வண்டியில் இரண்டையும் சம அளவில் திருப்ப வேண்டும்.

ஸ்டீயரிங் பாக்ஸைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். லிங்குகளைக் கழற்றி, நடுநிலையில் வைத்துத் திருகைச் சிறிது சிறிதாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் இரு கோடி வரை சுற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் பல் மிகுதியாகத் தேய்ந்திருப்பதால், அங்குள்ள ஆட்டத்தை முழுவதும் ஒழிக்க முயன்றால் கோடிகளில் இறுகிவிடும்.

கிரீஸைச் சக்கரம் தூக்கியிருக்கும்போதே அடித்தால்தான் த்ரஸ்ட் பேரிங்கின் இடுக்கு வரை அது போய்ச் சேரும். புதிய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். சேற்றுழவுக் காலத்தில் இதை அன்றாடம் செய்வது நல்லது. வண்டியை முதல் நாள் வயலில் ஓட்டித் திரும்பியதும், ஸ்டீயரிங் ஆர்ம் போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.