"இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்": உங்கள் கட்டடத்தில் தீ ஆபத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

அலுவலகமோ கல்லூரியோ, கட்டடத்துக்குள் தீ ஆபத்து பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் நுழைகிறது: "இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்." படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிய அட்டைப்பெட்டி, மேசைக்கடியில் இழுத்துவிட்ட எக்ஸ்டென்ஷன் போர்டு, கதவு சாத்திக்கொள்ளாமலிருக்கச் செருகிய மரக்கட்டை எல்லாமே இரண்டு நாளைக்கென்று வந்தவை. இரண்டு மாதம் போனால் அவை யார் கண்ணிலும் படாது. இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு, ஒரு டார்ச், ஒரு மணி நேரம் போதும். ஆட்கள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் எல்லாம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும், நீங்கள் போனதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

படி 1: வெளியேறும் வழியை நடந்து பாருங்கள்

மேல் மாடியில், வாசலுக்கு மிகத் தொலைவான அறையிலிருந்து தொடங்குங்கள். லிஃப்ட் வேண்டாம், படிக்கட்டில் இறங்குங்கள். தீ நேரத்தில் எல்லோரும் போக வேண்டிய வழி அதுதான். வழியில் வரும் ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பாருங்கள். உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கிறதா? மறுபக்கம் பெஞ்சோ பைக்கோ மறிக்கிறதா?

பூட்டிய கதவு என்ன செய்யும் என்பதற்கு, 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் நடந்தது ஓர் உதாரணம். துணி வெட்டும் மேசைக்கு அடியில் சேர்ந்திருந்த துண்டுத் துணிகளில் தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள். கட்டடம் இடிந்து விழவில்லை. இன்றும் அது நிற்கிறது, இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் வகுப்புக் கட்டடமாக.

அடுத்து, தானாகச் சாத்திக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவுகள். தீயைவிடப் புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கும். திறந்து கிடக்கும் கதவு வழியாகப் புகை நுழைந்துவிட்டால் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இந்தக் கதவைத் திறந்து வைக்கத் தீயணைப்பானையே முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரே பொருளில் இரண்டு தப்பு! முட்டுக் கொடுத்ததை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, ஏன் வைத்தார்கள் என்று கேளுங்கள். தள்ளுவண்டியோடு நாளைக்கு இருபது முறை போய்வருகிறவருக்கு அந்தக் கதவு உண்மையிலேயே தொல்லை. அலாரம் அடித்ததும் கதவைத் தானாக விடுவிக்கும் காந்தப் பிடி போட்டுத் தரச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கலாம்.

படி 2: மேசைக்கு அடியில் குனியுங்கள்

அதிக நேரம் இங்கேதான் போகும், போகட்டும். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷன் போர்டிலும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கும். அதை வோல்ட்டால் பெருக்கினால் எத்தனை வாட் தாங்கும் என்று தெரியும். 230 வோல்ட் இணைப்பில் 6 ஆம்பியர் போர்டு 1,380 வாட் தாங்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் ஒன்றே 1,500 வாட்டுக்கு மேல் இழுப்பது சகஜம். ஆகவே நாலு செல்போன் சார்ஜருக்குப் பயப்பட வேண்டாம். கெட்டில், ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி போலச் சூடேற்றும் எதுவும் போர்டில் கூடாது, நேராகச் சுவர் சாக்கெட்டில்தான்.

ஒயரில் ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். போர்டுக்குள் இன்னொரு போர்டைச் செருகினால் மொத்தச் சுமையும் முதல் போர்டின் ஒயர் தலையில் விழும். கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒயரும், சுருளைப் பிரிக்காமல் பயன்படுத்தும் நீள ஒயரும் சூடு வெளியேற வழியில்லாமல் தகிக்கும்.

இன்னொன்று, லூஸான பிளக். மின்சாரம் அளவு தாண்டாததால் எம்சிபி (அளவு மீறினால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது, ஆனால் இணைப்பு மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறமோ கருகல் வாடையோ தென்பட்டால் தொடாதீர்கள். அந்தப் பகுதிக்கான மின்சாரத்தை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எம்சிபி அடிக்கடி விழுகிறதே என்று பெரிய எம்சிபி போடச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். சுவருக்குள் இருக்கும் ஒயர் அதே பழைய ஒயர்தானே?

அப்புறம் லித்தியம் பேட்டரிகள். உப்பிய பேட்டரியை அன்றே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டரைப் படிக்கட்டு ஓரத்தில் சார்ஜ் போடுவது கூடவே கூடாது. அந்த பேட்டரி தீப்பிடித்தால் எல்லோருடைய வழியும் அடைபடும்.

படி 3: எரியக் காத்திருப்பவை

ஸ்டோர் ரூமில் அண்ணாந்து பாருங்கள். ஸ்பிரிங்ளர் (தீயின் சூடு பட்டால் தண்ணீர் தெளிக்கும் கூரைக் குழாய்முனை) இருந்தால் அதற்குக் கீழே 45 சென்டிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். கூரை முட்ட அடுக்கினால் தண்ணீர் பரவாது. ஒன்றில் புகை பட்டால் எல்லா ஸ்பிரிங்ளரும் கொட்டும் என்பது சினிமாக் கதை. சிவப்புக் கண்ணாடிக் குமிழ் உள்ள ஸ்பிரிங்ளரில் அந்தக் குமிழ் சுமார் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் உடையும், அதுவும் சூடுபட்டது மட்டும். அதில் தோரணம் கட்டாமல் இருந்தால் சரி.

பட்டறை, ஓவிய வகுப்புப் பக்கம் போனால் ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைத் தேடுங்கள். குவித்து வைத்தால் யாரும் பற்றவைக்காமலே சூடேறி எரியக்கூடியவை அவை. மூடியுள்ள உலோக டப்பாவில்தான் போட வேண்டும். மின் பேனல் அறையைக் குடோனாக மாற்றியிருந்தால், பேனலுக்கு முன்னால் ஒரு மீட்டராவது இன்றே காலி செய்யச் சொல்லுங்கள்.

படி 4: தீயணைப்பான்

அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா, கைப்பிடியில் செருகிய பாதுகாப்பு ஊசி (பின்) இருக்கிறதா, முன்னால் எதுவும் மறைக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். கார்பன் டை ஆக்சைடு வகையில் முள் இருக்காது, அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். மின்சாரத் தீயில் தண்ணீர் வகையை அடிக்கக் கூடாது. சிறிய தீயணைப்பான் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். எனவே முதலில் அலாரம். குப்பைக்கூடை அளவுத் தீ என்றால் மட்டும், வெளியேறும் கதவு உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து அடியுங்கள். அடங்கவில்லையா, கிளம்பிவிடுங்கள்.

படி 5: நோட்டில் நான்கு பத்தி

எங்கே, என்ன, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள். வழியை மறிப்பவற்றுக்கு இன்றைய தேதியே போடுங்கள். இரண்டு வாரம் கழித்து வேறொரு நேரத்தில் மறுபடி நடங்கள். அதே இடத்தில் அதே பெட்டி திரும்ப வந்திருந்தால் யாரையும் திட்டாதீர்கள். அதை வைக்க அவர்களுக்கு வேறு இடமே இல்லை என்று அர்த்தம். நோட்டில் அடுத்த வரியாக "அலமாரி வேண்டும்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.