ஒரு கட்டடம் ஜூலியா மோர்கன் வடிவமைத்ததுதானா? உறுதி செய்யும் வழி

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒரு பழைய வீட்டைப் பற்றி 'இது ஜூலியா மோர்கன் கட்டியதாம்' என்று யாராவது சொன்னால், நம்பிவிடத்தான் தோன்றும். ஏறக்குறைய 700 கட்டடங்கள் இந்தக் கலிஃபோர்னியக் கட்டடக்கலைஞரின் கணக்கில் சொல்லப்படுகின்றன. ஆனால் தோற்றத்தை வைத்து இவர் கையை அடையாளம் காண முடியாது. மில்ஸ் கல்லூரி மணிக்கூண்டு (1904) வலுவூட்டிய கான்கிரீட். பெர்க்லி செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் (1910) மரச்சட்டங்கள் உள்ளே அப்படியே தெரியும் எளிய கட்டடம். சான் சிமியோனில் செய்தித்தாள் அதிபர் ஹெர்ஸ்டின் மாளிகையோ ஸ்பானியத் தேவாலய முகப்போடு நிற்கிறது. கட்டச் சொன்னவரின் தேவைக்கு ஏற்ப வடிவம் தந்தவர் அவர். எனவே காகிதங்களைத்தான் நம்ப வேண்டும்.

முதலில் அவருடைய தொழில் வாழ்க்கையை ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். 1894ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் பட்டம். 1898ல் பாரிஸ் எக்கோல் தே போஸார் என்ற கலைப்பள்ளியில் அனுமதி. 1902ல் அங்கே சான்றிதழ். 1904ல் கலிஃபோர்னியாவில் கட்டடக்கலை உரிமம் பெற்ற முதல் பெண். 1919 முதல் 1947 வரை சான் சிமியோன் வேலை. 1951ல் அலுவலகம் மூடல். உரிமத்துக்கு முன் கட்டடக்கலைஞர் ஜான் கேலன் ஹோவர்டின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்தக் கால பெர்க்லி பல்கலைக்கழகக் கட்டடங்களில் அவர் பங்கு உண்டு, பொறுப்பு ஹோவர்டுடையது. 1910க்கு முந்தைய சில ஆண்டுகளில் ஐரா ஹூவர் கூட்டாளியாக இருந்ததால் 'மோர்கன், ஹூவர்' என்று இரு பெயரிலும் தேடுங்கள். உங்கள் வீட்டின் ஆண்டு இந்தத் தாளில் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

அடுத்து மனை. கதவு எண்ணை வைத்துத் தேடாதீர்கள். பிளாக் எண் (தெருக்களுக்கு இடைப்பட்ட மனைத் தொகுதியின் எண்), மனை எண் இரண்டையும் வைத்துத் தேடுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1909ல் பல தெருக்களுக்குப் பெயர் மாற்றினார்கள். பழைய பெயரில் உள்ள ஆவணம் புதிய பெயரில் தேடுபவர் கண்ணில் படாது. சொத்து வரிப் பதிவில் கட்டிய ஆண்டு 1900 என்று வட்டமாக இருந்தால் அது உத்தேசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் நகரத்தின் கட்டட அனுமதிப் பதிவுகள் எரிந்துபோயின. அதற்கு முந்தைய கட்டடங்களுக்கு அன்று நகரத்துக்குத் தண்ணீர் வழங்கிய ஸ்பிரிங் வேலி வாட்டர் கம்பெனியின் இணைப்பு விண்ணப்பங்கள் பெரிய உதவி.

பிறகு சான்போர்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக ஒவ்வொரு கட்டடத்தையும் குறித்து வெளியிட்ட நகர வரைபடம். ஒரு அங்குலத்துக்கு 50 அடி அளவு. மஞ்சள் என்றால் மரம், இளஞ்சிவப்பு என்றால் செங்கல். இங்கே பலரும் இடறுவது ஒரே இடத்தில்தான். நிறுவனம் புதிய கட்டடங்களைத் தாள் துண்டில் அச்சிட்டு பழைய தாளின் மேலேயே ஒட்டச் செய்தது. அதனால் முகப்புத் தாளில் உள்ள ஆண்டு, நீங்கள் பார்க்கும் மனைக்குப் பொருந்தாமல் போகலாம். ஒட்டுத் துண்டின் விளிம்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டாத பிரதி வேறு நூலகத்தில் கிடைத்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அனுமதிப் பதிவு கிடைத்தால் உரிமையாளர், கட்டடக்கலைஞர், ஒப்பந்தக்காரர், மதிப்பீட்டுத் தொகை நான்கையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கட்டடக்கலைஞர் இடம் காலியாக இருப்பதும், ஒப்பந்தக்காரர் பெயரே அங்கே எழுதப்பட்டிருப்பதும் சகஜம். அனுமதி வாங்கியதாலேயே கட்டிவிட்டார்கள் என்று ஆகாது. வேலை முடிந்த அறிவிப்பு செய்தித்தாளிலோ கட்டுமானத் தொழில் இதழிலோ வந்ததா என்று தேடுங்கள்.

மோர்கனின் கட்டட வரைபடங்கள் ஒரே இடத்தில் இல்லை. சான் லூயிஸ் ஒபிஸ்போவின் கால் பாலி பல்கலைக்கழகத்திலும் பெர்க்லியிலும் பிரிந்து கிடக்கின்றன. மூலையில் உள்ள பெயர்க்கட்டத்தில் பெயர், தேதி, தாள் எண் பார்த்துவிட்டு, வரைபடத்தை வீட்டோடு ஒப்பிடுங்கள். மாடிப்படி, புகைபோக்கி, தாங்கு சுவர் இந்த மூன்றையும் பிற்காலத்தில் மாற்றுவது கடினம் என்பதால் அவற்றிலிருந்து தொடங்குங்கள். ஜன்னலும் வெளிப்பூச்சும் கடைசியில்.

பணியின் வகையையும் தனியே குறிக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் ஃபேர்மான்ட் ஓட்டல் மோர்கனின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் ரீட் சகோதரர்கள். 1906 தீயில் சிதைந்ததைச் சீரமைத்து 1907ல் திறக்க வைத்தது மோர்கன். பொறியியல் படித்தவர் என்பதால்தான் அந்த வேலை அவரால் முடிந்தது, அது சிறிய சாதனையும் அல்ல. இருந்தும் 'வடிவமைப்பு' என்ற பத்தியில் அதை எழுதக் கூடாது. பெர்க்லியின் ஹெர்ஸ்ட் பெண்கள் உடற்பயிற்சிக் கூடம் (1927) கட்டடக்கலைஞர் பெர்னார்ட் மேபெக்கோடு சேர்ந்து செய்தது. அங்கே இரண்டு பெயரும் வர வேண்டும்.

ஒன்றையொன்று சாராத இரண்டு சமகால ஆவணங்கள் இருந்தால் 'உறுதி' என்று எழுதுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் 'வாய்ப்பு உண்டு'. குடும்பத்தார் சொல் மட்டும் என்றால் 'செவிவழி'. இரண்டு புத்தகங்கள் ஒரே பழைய பட்டியலை எடுத்தாண்டிருந்தால் அது ஒரு சான்றுதான்.