பேஸ்பால் அணி நிர்வாகங்களை ஒப்பிட்டு எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 2002இல் ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் அணியும் நியூயார்க் யாங்கீஸ் அணியும் ஆளுக்கு 103 ஆட்டங்களில் வென்றன. ஓக்லாண்டின் சம்பளச் செலவு சுமார் 4 கோடி டாலர், யாங்கீஸுக்கு 12.5 கோடி. ஓக்லாண்ட் நிர்வாகம் மூன்று மடங்கு கெட்டிக்காரத்தனமானது என்று இதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க ஒரு எக்செல் தாள், பேஸ்பால் ரெஃபரன்ஸ் அல்லது ஃபேன்கிராஃப்ஸ் புள்ளிவிவரத் தளம், கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும்.

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள். ஒரே சீசனை வைத்து ஒப்பிடக் கூடாது. 162 ஆட்டங்களில் அதிர்ஷ்டம் மட்டுமே 6 வெற்றிகளை மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். 88 வெற்றிக்கும் 93 வெற்றிக்கும் நடுவே திறமை வித்தியாசம் எதுவும் இல்லாமலே இருக்கலாம். ஐந்து சீசன்களைச் சேர்த்தால் அந்த ஊசலாட்டம் சீசனுக்கு மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். 2020 உங்கள் கணக்கில் வந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு வெற்றி விகிதத்தைப் போடுங்கள். அந்த ஆண்டு 60 ஆட்டங்கள்தான் நடந்தன.

அடுத்து, வெற்றிகளைச் சலித்தெடுக்க வேண்டும். எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்கள், கொடுத்த ரன்கள் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து 162ஆல் பெருக்குங்கள். அந்த அணி ‘வென்றிருக்க வேண்டிய’ எண்ணிக்கை கிடைக்கும். 2021இல் சியாட்டில் மரினர்ஸ் 697 ரன் எடுத்து 748 ரன் கொடுத்தது. கணக்குப்படி 75 வெற்றிதான் வர வேண்டும், வந்தது 90. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 33இல் வென்று 19இல் மட்டுமே தோற்றதுதான் காரணம். அந்தக் கூடுதல் 15 வெற்றிகளை நிர்வாகத்தின் கணக்கில் அப்படியே வரவு வைத்தால் எல்லாமே கோணலாகிவிடும். இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இனிப் பணம். மொத்தச் சம்பளத்தை மொத்த வெற்றியால் வகுப்பது பலர் செய்யும் தவறு. எந்த நேரத்திலும் கூப்பிட்டால் வரக்கூடிய, குறைந்தபட்சச் சம்பள வீரர்களை மட்டும் வைத்து ஆடினால்கூட ஓர் அணி ஏறக்குறைய 48 ஆட்டங்களில் வெல்லும் என்பது ‘வார்’ (WAR: அப்படிப்பட்ட மாற்று வீரரைவிட ஒருவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தருகிறார் என்ற அளவு) கணக்கின் அடித்தளம். எனவே சம்பளத்திலிருந்து குறைந்தபட்சச் செலவையும், வெற்றியிலிருந்து 48ஐயும் கழித்த பிறகே வகுக்க வேண்டும். 2002இல் குறைந்தபட்சச் சம்பளம் 2 லட்சம் டாலர். 25 பேருக்கு 50 லட்சம். ஓக்லாண்டுக்கு 3.5 கோடியை 55ஆல் வகுத்தால் ஒரு கூடுதல் வெற்றிக்கு சுமார் 6.4 லட்சம் டாலர். யாங்கீஸுக்கு அது 22 லட்சம்.

இங்கே வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, எந்தச் சம்பளம் என்பது. ஷோஹெய் ஓட்டானியின் ஒப்பந்தம் 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடி பின்னாளில் தரப்படும். கைக்கு வருவது ஆண்டுக்கு 20 லட்சம். ஆடம்பர வரிக் (சம்பளச் செலவு வரம்பைத் தாண்டும் அணிகள் கட்டும் வரி) கணக்கிலோ ஏறத்தாழ 4.6 கோடி. எல்லா அணிகளுக்கும் வரிக் கணக்கையே எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு, வெவ்வேறு ஆண்டுகளின் டாலரை நேரடியாக ஒப்பிடுவது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 7.6 லட்சம். அணியின் செலவை அந்த ஆண்டின் லீக் சராசரிக்கு விகிதமாக மாற்றிவிட்டால் சிக்கல் தீரும்.

உண்மையான வேலை இனிமேல்தான். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரிசை: வார், சம்பளம், பணிக்காலம், அணிக்கு வந்த வழி, கொண்டுவந்த நிர்வாகி. வழிகளை டிராஃப்ட் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது), வெளிநாட்டு இளைஞர் ஒப்பந்தம், டிரேடு (அணிகளுக்குள் வீரர் பரிமாற்றம்), ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தம் போடக்கூடியவர்), வேறு அணி கழித்துவிட்டு வந்தவர் என ஐந்தாகப் பிரித்தால் போதும். வாரை ஒரே தளத்திலிருந்து எடுங்கள். பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) பேஸ்பால் ரெஃபரன்ஸ் அவர்கள் கொடுத்த ரன்களை வைத்தும், ஃபேன்கிராஃப்ஸ் ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன்களை வைத்தும் மதிப்பிடுவதால் இரண்டையும் கலந்தால் குழப்பம்தான்.

பணிக்காலம் ஏன் முக்கியம்? 172 நாள் அணியில் இருந்தால் ஓர் ஆண்டு. மூன்று ஆண்டு முடியும்வரை பெரும்பாலானோருக்குக் குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம், ஆறு வரை ஆர்பிட்ரேஷன் (உடன்பாடு வராவிட்டால் நடுவர்கள் சம்பளத்தை முடிவு செய்வது), அதன் பிறகே திறந்த சந்தை. 2002 ஓக்லாண்ட் அணியில், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வென்ற ஜிட்டோ, எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) தெஹாடா, இவர்களோடு ஹட்சன், மல்டர், சாவேஸ் ஆகிய எல்லோருமே ஆறு ஆண்டு முடிக்காதவர்கள். ஓக்லாண்டின் சிக்கனத்தில் பெரும்பகுதி இந்த விதி தந்தது. அதோடு, பில்லி பீன் ஓக்லாண்டின் பொது மேலாளரானது 1997 அக்டோபரில். தெஹாடா, சாவேஸ், ஹட்சன் மூவரும் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள் (அப்போது அவர் அங்கே உதவிப் பொது மேலாளர் என்பதையும் மறக்க வேண்டாம்). மல்டரும் ஜிட்டோவும்தான் அவர் தலைமையில் எடுக்கப்பட்டவர்கள். ‘கொண்டுவந்த நிர்வாகி’ என்ற நெடுவரிசை தாளில் இல்லாமல் ஒப்பிட்டால் முன்னவர் நட்ட மரத்தின் பழத்தைப் பின்னவர் கூடையில் போட்டுவிடுவீர்கள்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கும் இதே சோதனையைப் போடலாம். 2011 முதல் 2013 வரை 106, 107, 111 தோல்விகள். அப்போது அதிகம் தோற்ற அணிக்கே முதல் தேர்வு என்பதால் 2012, 2013, 2014 மூன்று ஆண்டும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு. அதில் கொரியா ஜெயித்தார், ஏப்பல் அந்த அணிக்காக ஆடவேயில்லை, ஏக்கன் கையெழுத்தே போடவில்லை. மூன்றாவதுக்கு ஈடாகக் கிடைத்த வாய்ப்பில்தான் 2015இல் பிரெக்மன் வந்தார். 2017இல் கோப்பை வென்றபோது முக்கியமாக இருந்த ஆல்டூவே, கைக்கல், ஸ்பிரிங்கர் முந்தைய நிர்வாகம் சேர்த்தவர்கள். ‘தோற்றுத் தோற்றே கட்டிய அணி’ என்ற பேச்சு தாளில் நிற்பதில்லை. எதிரணியின் பந்துவீச்சு சைகைகளைத் திருடியதற்காக 50 லட்சம் டாலர் அபராதமும், 2020, 2021 டிராஃப்டுகளில் முதல் இரண்டு சுற்றுகளின் வாய்ப்புகளும் பறிபோனதைச் செலவுப் பக்கத்தில் எழுத மறக்காதீர்கள்.

டிரேடுகளை நடந்த அன்றே தீர்ப்பளிக்காமல் சங்கிலியாகப் பின்தொடருங்கள். 2018 ஜூலையில் டாம்பா பே ரேஸ், பிட்சர் ஆர்ச்சரை பிட்ஸ்பர்குக்குக் கொடுத்து கிளாஸ்னவ், மெடோஸ், பாஸ் மூவரையும் வாங்கியது. அடுத்தடுத்த டிரேடுகளில் மெடோஸ் பின்னர் பரேடஸாகவும், பரேடஸ் மோரெல் உள்ளிட்ட சிலராகவும் மாறினார்கள். கிளாஸ்னவ் பெபியட், டெலூக்கா ஆகியோராக மாறினார். இப்படிக் கொடுத்தவருக்கும் வந்தவர்களுக்கும் அந்தந்த அணியில் இருந்த காலத்து வாரை மட்டும் கூட்டுங்கள். சம்பளத்தில் பாதியை அனுப்பிய அணியே கட்டினால் அது அனுப்பியவர் செலவு: 2023இல் 75 ஆட்டங்களில் மட்டுமே வென்ற நியூயார்க் மெட்ஸ், ஷெர்சரையும் வெர்லாண்டரையும் அனுப்பியபோது கூடவே பணமும் அனுப்பி இளம் வீரர்களை வாங்கியது. செலவு பெரிய அணி விரயம் செய்கிறது என்று நினைப்பதற்கு முன் அந்தப் பணம் எதை வாங்கியது என்று பாருங்கள்.

பிளே ஆஃபுக்கு (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) அதிக எடை கொடுக்காதீர்கள். 2022இல் 111 ஆட்டங்களில் வென்ற டாட்ஜர்ஸ், 89 வெற்றிகளோடு வந்த பட்ரேஸிடம் ஐந்து ஆட்டத் தொடரிலேயே தோற்றது. 2021இல் 88 வெற்றிகள் பெற்ற பிரேவ்ஸ் கோப்பையைத் தூக்கியது. எத்தனை முறை உள்ளே நுழைந்தார்கள் என்று எண்ணினாலும் கவனம் தேவை. 2022 முதல் 12 அணிகளுக்கு இடம். 2012 முதல் 2021 வரை வழக்கமாக 10தான்.

கடைசியாகத் தாளில் இன்னொரு நெடுவரிசை: ஒவ்வொருவரும் இன்னும் எத்தனை ஆண்டு கட்டுப்பட்டிருக்கிறார், என்ன விலைக்கு? 2019இல் பிரேவ்ஸ், அக்குன்யாவை 8 ஆண்டுகளுக்கு 10 கோடிக்கும், ஆல்பீஸை 7 ஆண்டுகளுக்கு 3.5 கோடிக்கும், இருவரும் ஆர்பிட்ரேஷனை எட்டும் முன்பே பிடித்துப்போட்டது. அந்த ஆண்டின் வெற்றிப் பட்டியலில் இதன் பயன் தெரியாது; 2023இல் 104 வெற்றிகள் வந்தபோதுதான் தெரிந்தது.