நெல்லை வெயிலில் நாணல் தவளை வளர்ப்பது எப்படி?

நாணல் தவளைகள் நம் ஊர்த் தவளைகள் அல்ல. சகாராவுக்குத் தெற்கே, ஆப்பிரிக்காவின் சதுப்புகளிலும் குளக்கரைப் புற்களிலும் வாழ்பவை. ஹைப்பரோலியஸ் என்பது இவற்றின் பேரினம். வளர்ந்த தவளையே ஏறத்தாழ 3 செ.மீ.தான் இருக்கும். பாளையங்கோட்டையில் என் வீட்டு நடு அறையில் இவற்றை வளர்த்து வருகிறேன். முதல் சித்திரையிலேயே ஐந்தில் மூன்றைப் பறிகொடுத்தேன். அந்தத் தவறை வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. மாஞ்சோலைப் பக்கமோ மணிமுத்தாற்றுப் பக்கமோ பார்த்த சின்னத் தவளையைப் பிடித்து வந்து வளர்க்க எண்ணாதீர்கள். 1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் களக்காடு முண்டந்துறைக் காட்டிலிருந்து எதை எடுத்தாலும் குற்றம். நாணல் தவளையையும் கூண்டில் பிறந்ததாகப் பார்த்து, ரசீதும் இறக்குமதித் தாள்களும் காட்டுபவரிடம் மட்டுமே வாங்குங்கள்.

பெட்டி

நீள அகலம் 45 செ.மீ., உயரம் 60 செ.மீ. இவை ஏறி வாழ்பவை, ஆகவே உயரம்தான் முக்கியம். கண்ணாடிக் கடையில் அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். மேல் பக்கம் முழுவதும், பக்கவாட்டில் ஒரு பலகை அளவும் எவர்சில்வர் வலை போடச் சொல்லுங்கள். நைலான் கொசுவலை வேண்டவே வேண்டாம். தீனிக்கு விடும் சிள்வண்டுகள் அதைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். அந்த ஓட்டை வழியே தவளையும் போய்விடும்.

உள்ளே மணி பிளான்ட் ஒரு கொடி, கூடவே கோரை. பத்தமடைப் பாய்க்குப் பயன்படும் அதே கோரைதான். வேரோடு ஒரு கொத்தைத் தொட்டியில் நட்டு வைத்தேன். அன்று இரவே தவளைகள் அதில் ஏறிவிட்டன. பூச்சிமருந்து அடித்த வயல் ஓரத்துக் கோரையை மட்டும் எடுக்காதீர்கள்.

ஈரமும் வெப்பமும்: நான் தவறிய இடம்

படித்த குறிப்புகள் எல்லாம் “ஈரப்பதம் வேண்டும்” என்றன. நானும் மேல் வலையைப் பாலிதீன் தாளால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். மே மாதம் வெளியே 39 டிகிரி. பெட்டிக்குள் காற்று அசையவில்லை, கண்ணாடி முழுவதும் வியர்த்திருந்தது. மூன்றாம் நாள் பகலில் தவளைகள் கோரையை விட்டு இறங்கி, தண்ணீர்க் கிண்ணத்தில் கால்களைப் பரப்பிக் கிடந்தன. குளிர்ச்சிக்காகக் கிடக்கின்றன என்று விட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு இறந்தன, அதற்கு அடுத்த நாள் ஒன்று.

நாணல் தவளையின் தோல் மற்றத் தவளைகளின் தோலைப் போன்றதன்று. எங்கள் வீட்டில் இருக்கும் விரிடிஃபிளேவஸ் வகை, தன் நாட்டில் கோடையில் காய்ந்த தண்டின் மீதே வெயிலில் உட்கார்ந்திருக்கக் கூடியது. கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளும். நிறம் வெளுத்துச் சுண்ணாம்புத் துண்டு போல ஆகிவிடும். அந்த வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் வெளுத்திருந்தால் பயப்பட வேண்டாம். அதற்கு ஆகாதது அடைபட்ட ஈரப் புழுக்கம். பகலில் காற்றோட்டம், இரவில் ஈரம் என்பதே சரியான முறை.

இப்போது நான் செய்வது இதுதான். பெட்டி மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் இல்லை. பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு முழுவதும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். கீழ்த்தளத்து நடு அறையில், தரையை ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கவாட்டு வலைக்கு ஒரு சாண் தள்ளி நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் கணினியில் வரும் சிறிய 12 வோல்ட் மின்விசிறியை ஓடவிடுகிறேன். அறையில் 36 டிகிரி இருந்த நாளில் பெட்டிக்குள் 29 காட்டியது. 22 முதல் 28 வரை இருந்தால் நிம்மதி. தண்ணீர் தெளிப்பது விளக்கணைத்த பிறகு ஒரே முறை. காலைக்குள் இலைகள் காய்ந்திருக்க வேண்டும்.

இந்தச் சாக்கு ஏற்பாடு காற்று வறண்டிருக்கும்போது மட்டுமே உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கு காயாது, பூஞ்சைதான் பிடிக்கும், கழற்றிவிடுங்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது நமக்கு வருவது வறண்ட காற்று. அப்போது இரவில் சற்றுக் கூடுதலாகத் தெளிக்கலாம்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். உப்பு நிறைந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தவிருங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

தீனி

குட்டித் தவளைக்குப் பழ ஈ, பெரியதற்குச் சின்னச் சிள்வண்டும் சேர்த்து. கனிந்து கறுத்த நாட்டு வாழைப்பழம் இரண்டைப் பிசைந்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, ஜாடியில் போட்டு, வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டுங்கள். ஜாடிக்குள் ஈக்களை விட்டுவிட்டால் 25 டிகிரியில் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். கோடையில் என் ஜாடிகள் காலியானதற்குக் காரணம் அதுதான். இப்போது ஜாடியைத் தண்ணீர்ப் பானையோடு ஒட்டி ஈர மணலில் வைக்கிறேன்.

தீனி போடும்முன் உலர்ந்த டம்ளரில் ஈக்களைக் கொட்டி, வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியில் ஒரு குலுக்குக் குலுக்குங்கள். இந்தப் பொடி வாரம் இரு முறை போதும்.

கொசுவர்த்தி, திரவக் கொசுவிரட்டி எதுவும் அந்த அறையில் வேண்டாம். நாங்கள் கொசுவலைக்குள் படுத்துக்கொள்கிறோம்.

கழிவுநீர்

பெட்டியைக் கழுவிய நீரைப் பாளையங்கால்வாயிலோ தாமிரபரணியிலோ ஊற்றாதீர்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை நீர் வழியே பரவும். வெளியில் நலமாகத் தெரியும் தவளையும் அதைச் சுமந்திருக்கலாம். நான் கொதிக்கவைத்து ஆறிய பிறகே கழிவறையில் ஊற்றுகிறேன். வளர்க்க முடியாமல் போனாலும் தவளையை வெளியே விடக் கூடாது. இதன் நெருங்கிய இனம் ஒன்று தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே, முன்பு இல்லாத மேற்கு கேப் பகுதியில் புகுந்து பெருகிவிட்டது.

பின்சேர்க்கை

தென்காசித் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: “அண்ணாச்சி, ஈ ஜாடிக்குள் எறும்பு ஏறிவிட்டது, பெட்டிக்கும் வரிசை கட்டிவிட்டது, மருந்து போடட்டுமா?” எந்த மருந்தும் வேண்டாம். அந்தக் காலத்தில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதேதான். பெட்டி மேசையின் நான்கு கால்களுக்கும் நான்கு கிண்ணம், ஜாடிக்கு ஒரு தாம்பாளம். கோடையில் தண்ணீர் ஒரே நாளில் வற்றும். தினமும் ஊற்ற வேண்டும். மேசை சுவரைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளி நிற்க வேண்டும். அவர் அதைக் கவனிக்காமல் விட்டதால் மறுபடியும் எறும்பு வந்தது. தள்ளி வைத்த நான்காம் நாள் இரவு, தவளை கூப்பிடுவதைப் போனிலேயே கேட்கவைத்தார்.